எத்தனை கிலோ, சாவி யாரிடம்?

கஞ்சா வழக்கு என்று எங்கள் ஆபீஸ் படியேறுகிறவர்கள் எந்த ஸ்டேஷன் பிடித்தது, எந்த இன்ஸ்பெக்டர் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் இரண்டு கேள்வி கேட்பேன். எத்தனை கிலோ? சாவி யாரிடம் இருந்தது? வண்டிச் சாவியோ, அறைச் சாவியோ, குடோன் சாவியோ, எதுவானாலும் சரி. இவை இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் வழக்கு எந்தப் பக்கம் போகும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எண்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, செக் கேஸ், திருவிழா அடிதடி என்று எல்லாக் கட்டுகளையும் சுமந்திருக்கிறேன். அத்தியாவசியப் பொருட்கள் சட்ட வழக்குகளுக்கும் போதைப்பொருள் வழக்குகளுக்குமான சிறப்பு நீதிமன்றம் நம் ஊரிலேயே இருப்பதால் கஞ்சாக் கட்டுகளும் நிறையவே வந்தன. வாதாடுவது வக்கீல். அதற்கு முன்னால் கட்சிக்காரர் குடும்பம் வந்து அழுவது குமாஸ்தாவிடம்தான். சட்டம் வீட்டுக்குள் நுழையும்போது என்னவெல்லாம் உடைகிறது என்பதை அந்த மரப்பெஞ்சின் ஓரத்தில் இருந்துதான் கற்றுக்கொண்டேன்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் போதைப்பொருள் சட்டம் புதுசு. 1985 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. கஞ்சா என்றால் எடை எவ்வளவானாலும் அதிகபட்சம் 5 ஆண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த சிறு அளவு என்று நிரூபித்தால் மட்டும் தண்டனை குறையும். 1989 திருத்தத்துக்குப் பிறகு ஜாமீனும் இறுகிவிட்டது. லாரி நிறைய ஏற்றி வந்தவனும் பையில் இரண்டு கிலோ கொண்டுவந்தவனும் ஜாமீனுக்காக ஒரே வரிசையில் நின்றார்கள். எடையைப் பற்றி அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

2001 அக்டோபரில் அந்தக் கணக்கு மாறியது. திருத்தச் சட்டமும் அளவு அறிவிக்கையும் அந்த மாதத்தில் வந்தன. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவு என்றால் சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. நடுவில் இருப்பது இடைப்பட்ட அளவு. இன்று சிறிய அளவுக்கு 1 ஆண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014-க்கு முன் அது 6 மாதமாக இருந்தது. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும். வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு. அபராதமும் 1 லட்சத்தில்தான் தொடங்கும். நீதிபதி மனது வைத்தாலும் அந்தப் பத்துக்குக் கீழே இறங்க முடியாது. செடி ஒன்று வளர்த்தாலும் அது தனிக் குற்றம். அதற்கு எடைக் கணக்கு கிடையாது, 10 ஆண்டு வரை போகலாம். கஞ்சாப் பிசினுக்கு அளவே வேறு: 100 கிராமுக்குக் குறைவு சிறியது, 1 கிலோவைத் தாண்டினாலே வணிக அளவு.

எடையை வைத்து நடந்த ஒரு வழக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐப்பசி மழையில் கீரனூர்ப் பக்கம் பிடித்த சாக்கு. மகஜரில் இருபது கிலோவுக்குச் சற்று மேல். சாக்கோடு நிறுத்தார்களா, சாக்கை நீக்கி நிறுத்தார்களா என்று எழுதவில்லை. சட்டத்தின்படி கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அந்தக் கணக்கில் வராது. மாஜிஸ்திரேட் முன்னால் பிரித்தபோது தண்டும் ஈரமும் போக எடை இறங்கியிருந்தது. எங்கள் சீனியர் அந்த வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினார். ஜாமீன் கிடைத்தது அதனால்தான். இலைக்கு விலக்கு என்றதும் இலையைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் மாநிலத்தின் 1937 மதுவிலக்குச் சட்டம் இலையையும் சேர்த்தே போதைப்பொருள் என்கிறது. வடக்கே பாங்கு கடை பார்த்து வந்தவர்கள் இதை நம்ப மறுப்பார்கள்.

சரக்கு வரும் வழியும் என் கண்முன்னே மாறியது. தொண்ணூறுகளில் கட்டைப் பிரித்தால் வருசநாடு, கம்பம், இடுக்கி என்று மேற்கு மலைப் பெயர்களாக இருக்கும். பேப்பரில் மடித்த பொட்டலம், துணிப்பை, பஸ் பயணம். பிறகு விசாகப்பட்டினம் மலைப்பகுதி, பாடேரு, ஒடிசாவின் மல்கான்கிரி என்று எங்களுக்கு உச்சரிக்கத் தெரியாத ஊர்கள் வாக்குமூலங்களில் வந்தன. பொட்டலமும் பிரவுன் டேப் சுற்றிய இரண்டு கிலோ பார்சல் ஆனது. அப்படிப் பத்துப் பார்சலுக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்தால் வணிக அளவு.

நம் மாவட்டத்துக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம் கடற்கரை உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல். எதிரே இலங்கை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் சரக்கு சில சமயம் படகேறும். சட்டத்தில் ‘வாகனம்’ என்ற சொல்லுக்குள் படகும் அடக்கம். பங்குக்குப் படகு விட்டிருந்த ஒருவர் என்னிடம் வந்து, “அண்ணே, நான் கடலுக்குப் போயே ரெண்டு வருசமாச்சு, என் பேரு எப்படி வரும்?” என்று கேட்டார். படகு அவர் பெயரில். அன்றைக்கு ஓட்டிப்போனது யார் என்று காட்ட அவர் கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. மீன்வளத் துறை டோக்கன் வாங்கிப் போன விசைப்படகு என்றால் யார் பெயரில் போனது என்பதற்காவது ஒரு பதிவு இருக்கும். ராத்திரியில் வாய்ச்சொல்லாகக் கொடுத்த நாட்டுப்படகுக்கு அதுவும் இல்லை.

வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இரண்டு குட்டியானை வழக்குகளை வைத்துச் சொன்னால் விளங்கும். இரண்டுமே வாடகை வண்டி. ஒன்றில் வாழைத்தாருக்குக் கீழே சரக்கு, இன்னொன்றில் காய்கறிக் கிரேடுகளுக்கு நடுவில். முதல் வண்டிக்காரர் ஒழுங்கு. வாடகைக்கு எடுத்தவரின் ஆதார் நகல், போன் நம்பர், எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு, டிரைவர் கையெழுத்து எல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. இரண்டாமவர் கேட்டவர்களுக்கெல்லாம் சாவியைத் தூக்கிக் கொடுப்பவர். “தெரிஞ்ச பயதாண்ணே” என்பார். அந்தப் பயலின் முழுப்பெயர் அவருக்குத் தெரியவில்லை.

பறிமுதல் பிரிவு என்ன சொல்கிறது என்பதைப் படித்துக் காட்டினால் வண்டிக்காரர்கள் முகம் வெளிறிவிடும். தனக்குத் தெரியாது என்று உரிமையாளர் சொன்னால் மட்டும் போதாது. தன் ஆளுக்கும் வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் தெரியாது, மூவருமே தகுந்த முன்னெச்சரிக்கை எடுத்திருந்தோம் என்று அவரே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை அவர் தலையில். முதல் வண்டிக்காரரின் நோட்டு அந்தச் சுமையைத் தாங்கியது. அவர் சாட்சியாகப் போய்த் திரும்பினார், வண்டியும் கையெழுத்துப் பத்திரத்தின் பேரில் திரும்பியது. இன்னொரு வண்டி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் டயர் இற்று, துருப்பிடித்துக் கிடந்தது. மாதத் தவணை மட்டும் நிற்காமல் ஓடியது. வழக்கு முடியும்வரை வண்டியை விடவே கூடாது என்று பலகாலம் சொல்லி வந்தார்கள். போதைப்பொருள் சட்டத்தில் அப்படி முழுத்தடை இல்லை, சூழ்நிலையைப் பார்த்து இடைக்காலமாக வண்டியைத் திருப்பித் தரலாம் என்று 2025 ஜனவரியில் அசாம் லாரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உரிமையாளருக்குப் பங்கில்லை என்று காகிதம் பேசினால்தான் அந்தத் தீர்ப்பு கை கொடுக்கும்.

வீட்டுக்காரர்கள் நிலையும் ஏறக்குறைய இதுதான். தன் வீடு, அறை, தோட்டம், வண்டி எதையும் பிறர் இந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே விட்டிருந்தால் குற்றம் செய்தவருக்கு உள்ள அதே தண்டனை. இதில் ‘தெரிந்தே’ என்பதுதான் ஆபத்தான இடம். கல்லூரிப் பையன்களுக்கு மாடி அறையை விட்டிருந்த ஒரு பெரியவர், போலீஸ் கேட்டபோது வெள்ளந்தியாகச் சொன்னார்: “வாடை வந்துச்சு தம்பி, நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்.” அந்த ஒரு வாக்கியத்தில் அவருக்குத் தெரியும் என்பது வந்துவிட்டது. குற்றவாளி ஆக்காமல் சாட்சியாக நிறுத்த எங்கள் சீனியர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாடை வந்த அன்றே அறையைக் காலி செய்யச் சொல்லி எழுத்தில் கொடுத்திருந்தாலோ, ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் சொல்லியிருந்தாலோ அவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

நிலக்காரர்களுக்கு இன்னொரு பிரிவு இருக்கிறது, ரொம்பப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. தன் நிலத்தில் திருட்டுத்தனமாகக் கஞ்சாச் செடி வளர்வது தெரிந்தால் உடனே அதிகாரிகளிடம் சொல்வது நிலக்காரரின் கடமை. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு. கிராம அலுவலர்களுக்கும் அதே கடமை. ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் இருப்பவர்கள் அதிகம். வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஆழ்குழாய்க் கிணற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். குத்தகை எழுத்தில் இருக்கட்டும், ஊரில் ஒருவர் அவ்வப்போது நிலத்தைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்புவேன்.

போலீஸ் தரப்பில் வழக்கு எங்கே உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரகசியத் தகவல் வந்தால் அதை எழுத வேண்டும், மேலதிகாரிக்கு 72 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். ஆளை உடல் சோதனை செய்வதற்கு முன், கெஜட் பதவி அதிகாரி முன்னிலையிலோ மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ சோதிக்கச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். கையில் இருக்கும் பைக்கு அந்த உரிமை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொல்லிவிட்டது. சாக்கைப் பிடித்த இடத்திலேயே மாதிரி எடுத்து அரக்கு வைக்கும் பழக்கமும் போய், மாஜிஸ்திரேட் முன்னால்தான் மாதிரி என்று 2016-ல் தீர்ப்பு வந்தது. 2022 டிசம்பரில் அதற்கென்றே புது விதிகளும் வந்தன. அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கக் கூடாது என்ற 2020 அக்டோபர் தீர்ப்பு, தோபன் சிங் வழக்கு, நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். 2024 ஜூலையில் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபின் சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். மகஜரில் கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் கூண்டில் ஏற்றி “நேரில் பார்த்தீரா?” என்று கேட்டுத் திணறடித்த காலம் போய், இப்போது செல்போன் காட்சியைப் பார்க்கிறோம்.

இதைக் கேட்டதும் கட்சிக்காரர்களுக்கு ஒரு தெம்பு வரும், ‘ஓட்டை இருந்தா வெளியே வந்துடலாம்’ என்று. ஓட்டை தெரிவது விசாரணையில். அதற்கு முன்னால் கழியும் காலம்தான் தண்டனை. வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் அவகாசம், அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுத்தால் ஓராண்டுவரை நீட்டலாம். ஜாமீன் தர வேண்டுமானால், இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப முகாந்திரம் இருப்பதாக நீதிபதிக்கே திருப்தி வர வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வரும்வரை ஹைகோர்ட் ஜாமீன் என்றால் ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். இப்போது காலையில் மதுரை போய் மாலையில் திரும்பலாம். பயணம் குறைந்தது, மனு குறையவில்லை. ஜாமீன் கிடைத்தபிறகும் ஜாமீன்தாரர் தேடும் படலம் ஒன்று உண்டு. அடிதடி வழக்கு என்றால் ஊரே வந்து கையெழுத்துப் போடும். கஞ்சா என்றால் தாய்மாமனே போனை எடுக்க மாட்டார். இதற்கு நடுவில் கலெக்டர் குண்டர் சட்டத்தில் உத்தரவு போட்டால் ஓராண்டு வரை உள்ளேதான். 1982-ன் அந்தச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளி என்று தனி வகையே இருக்கிறது. பெரிய வழக்கில் சம்பாதித்த சொத்தை முடக்கலாம், உறவினர் பெயரில் வாங்கியிருந்தாலும் விடுவதில்லை.

2021 டிசம்பரில் ‘கஞ்சா வேட்டை’ என்று மாநிலம் முழுக்கத் தேடல் தொடங்கியபிறகு எங்கள் பெஞ்சில் உட்காரும் முகங்கள் மாறின. முன்பு வியாபாரிகள், வண்டிக்காரர்கள். இப்போது காலேஜ் பையன்களின் அம்மாக்கள். பத்து கிராம், முப்பது கிராம். “அபராதம் கட்டிட்டா முடிஞ்சுடும்ல?” என்று கேட்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை பெற்ற வழக்குதான். சீருடைப் பணியாளர் தேர்வு, அரசு வேலை, பாஸ்போர்ட் என்று எங்கே போலீஸ் விசாரணை வந்தாலும் அது எழுந்து நிற்கும். அடுத்த தடவை மாட்டினால் தண்டனை கூடும். அன்று மிச்சமாகும் அலைச்சலுக்காக இருபது வயதுப் பையனின் பேரில் ஒரு தீர்ப்பை எழுதிவாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. வக்கீலிடம் உட்கார்ந்து பேசச் சொல்வேன்.

பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்குச் சட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். பாதியில் ஓடிவந்தால் விலக்கும் போய்விடும். ஒரு அம்மா மகனை மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், ஒவ்வொரு சீட்டையும் மஞ்சள்பையில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். அந்தச் சீட்டுகளை அடுக்கி மனுவோடு சேர்த்தது நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்த ஒன்று. பையன் இப்போது ஒரு மெக்கானிக் ஷெட்டில் இருக்கிறான். பழக்கத்தை விட உதவி கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா பார்க்காத தெரு குறைவு. ஊருக்குப் போகிறவரிடம் கருவாடு, ஊறுகாய், மாத்திரை என்று பார்சல் கொடுத்து அனுப்புவது வழக்கம். இங்கே 1 கிலோவுக்குக் குறைவு ‘சிறிய அளவு’. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை, 15 கிராமுக்கு மேல் கையிலிருந்தாலே கடத்தலுக்கு என்று ஊகித்துக்கொள்வார்கள். ஒரு கிலோ சொச்சம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாக 2023 ஏப்ரலில் அங்கே தூக்கிலிடப்பட்டவர் ஒரு தமிழர். அவர் அந்தச் சரக்கைக் கையால் தொட்டதாகக்கூட வழக்கில்லை. திருச்சி விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்தவர்களிடம் ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபட்ட செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. பிறர் கட்டிய பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மாமியார் கொடுத்தாலும் பிரித்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைக்காரர்கள் கேட்கும் சந்தேகங்கள் வேறு. உணவுக்கான சணல்விதை, அதன் எண்ணெய் இவற்றுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் அளவு வரையறையோடு அனுமதி கொடுத்தது. அதைக் காட்டி ‘கஞ்சா எண்ணெய் லீகல்’ என்று செல்போனில் வரும் விளம்பரத்தை நம்பிச் சரக்கு எடுக்கக் கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா சேருவது உண்மை. மருந்து விதிகளில் அது நச்சுப்பொருள் பட்டியலில் இருக்கிறது, உரிமம் உள்ள தயாரிப்பாளர் செய்து, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டிய பொருள். பார்சல் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் அனுப்புநர் அடையாள அட்டையின் நகலும் கேமரா பதிவும் இல்லாமல் பெட்டியை வாங்கினால், நாளை அந்தப் பெட்டி யாருடையது என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோயிலில் சாமிக்குப் படைத்தது என்றாலும் சட்டத்தில் விலக்கு இல்லை.

“தாய்லாந்துல விட்டுட்டான், ஜெர்மனில விட்டுட்டான், நம்ம ஊர்லயும் மாறிடுமாண்ணே?” என்று இளம் வக்கீல்களே என்னிடம் கேட்கிறார்கள். 2020 டிசம்பரில் ஐ.நா.வின் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க நடந்த வாக்கெடுப்பில் இந்தியா ஆதரவாகவே வாக்களித்தது. தொழிலுக்கான நார்ச்சணல் பயிரிட உத்தரகண்ட் 2018-ல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. 2022-ல் கதவைத் திறந்த தாய்லாந்து 2025-ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பாதி மூடிவிட்டது. இவை எதுவும் நம் சிறப்பு நீதிமன்றத்தின் தராசைத் தொடவில்லை. அங்கே 1 கிலோ, 20 கிலோ என்ற கோடுகள் 2001-ல் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. செய்தி பார்த்துத் தைரியம் கொண்டவர்களின் கட்டுகளை இப்போதும் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன்.

எனவே வாடகைக்கு எதையாவது விடுகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். வண்டியானாலும் அறையானாலும் படகானாலும் தோட்டமானாலும், சாவி கை மாறும்போது யாரிடம், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் போதைப்பொருள் பற்றித் தகவல் சொல்லும் எண்களான 10581-க்கோ, 1933-க்கோ பேசுங்கள், பேசிய தேதியையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள். எங்கள் ஆபீஸுக்கு வந்தவர்களில், நோட்டோடு வந்தவர்கள் பெரும்பாலும் சாட்சிப் பட்டியலில் இருந்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்களைக் குற்றவாளிப் பட்டியலில் இருந்து மீட்பதற்குத்தான் எங்கள் உழைப்பில் பாதி போயிற்று.